முதுகைக் காட்டும் ஹெர்குலிஸ்: கோல்ட்ஸியஸின் ஒரு செப்புத்தகட்டை முன்வைத்து

ரோமில் இருந்த பண்டையப் பளிங்குச் சிலையான ஃபர்னேசே ஹெர்குலிஸை வைத்துப் பதினாறாம் நூற்றாண்டு டச்சுக் கலைஞர் ஹென்ட்ரிக் கோல்ட்ஸியஸ் செப்பில் செதுக்கிய அச்சோவியத்தில் நாயகனின் முகத்தைத் தேடினால் ஏமாற்றம்தான். சுமார் 42 செ.மீ. உயரம், 30 செ.மீ. அகலம் உள்ள தாள். அதை மேலிருந்து கீழ்வரை ஒரு முதுகு அடைத்துக்கொண்டு நிற்கிறது. வலது கை பின்னால் மடங்கி இடுப்பின்மேல் கிடக்கிறது. அதன் விரல்களுக்குள் ஆப்பிள்கள். கீழே வலது ஓரத்தில் இரண்டு மனிதர்கள், மார்புக்கு மேல்தான் தெரிகிறார்கள். இருவரும் அண்ணாந்து பார்க்கிறார்கள்.

புகழ்பெற்ற ஒரு சிலையை ஊராருக்குக் காட்ட அச்சடிப்பவர் எவரும் முன்பக்கத்தைத்தான் காட்டுவார். அந்தக் காலத்தில் ரோமில் பதிப்பாளர் லாஃப்ரேரி வெளியிட்ட தாள்களும் அச்சோவியர் கவாலியேரியின் சிலைப் படத் தொகுப்பும் பெரும்பாலும் அந்த வகைதான்: சிலை நேராக நிற்கும், பெயர் அடியில் இருக்கும், விஷயம் முடிந்தது. ஹார்லெம் நகரத்து அச்சோவியர் ஒருவர் ஏன் பின்பக்கமாகப் போய் நின்றார்? கோல்ட்ஸியஸின் வாழ்க்கையையும் தொழிலையும் இந்த ஒரு தகட்டை வைத்தே ஓரளவு சொல்லிவிடலாம் என்று எனக்குத் தோன்றுவதால், அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் அந்தக் கை.

கோல்ட்ஸியஸ் பிறந்தது 1558இல், வென்லோ நகருக்கு அருகில், இன்று ஜெர்மனிக்குள் இருக்கும் ப்ராக்ட் என்ற ஊர்ப்பக்கம். அப்பா கண்ணாடி ஓவியர். நடக்கப் பழகும் வயதில் குழந்தை அடுப்பு நெருப்பில் விழுந்து இரண்டு கைகளும் வெந்துபோயின. அம்மா கட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கையில், அக்கம்பக்கத்துப் பெண் ஒருத்தி தனக்கு இதைவிட நன்றாக வைத்தியம் தெரியும் என்று கட்டை அவிழ்த்து, வலது கையைத் துணியில் சுற்றிவிட்டாளாம். நரம்புகள் ஒன்றோடொன்று ஒட்டி வளர்ந்துவிட்டன. அதற்கப்புறம் அந்தக் கையை வாழ்நாள் முழுக்க முழுதாக விரிக்க முடியவில்லை. இதைச் சொல்பவர் அவருடைய நண்பரும் ஓவியருமான காரெல் வான் மாண்டர். 1604இல் அவர் வெளியிட்ட ஓவியர் வரலாற்றில் கோல்ட்ஸியஸைப் பற்றி நீளமாகவே எழுதியிருக்கிறார். நமக்குத் தெரிந்த கதைகளில் பாதி அங்கிருந்து வருபவைதான். நண்பர் எழுதியது என்பதால் கொஞ்சம் மசாலா இருக்கலாம். ஆனால் கை விஷயத்தில் சாட்சி வேறு இருக்கிறது. 1588இல் கோல்ட்ஸியஸ் தன் வலது கையைத் தானே பேனாவால் வரைந்தார். அந்தத் தாள் ஹார்லெமின் டெய்லர்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. விரல்கள் கோணலாக மடங்கி, நரம்புகள் புடைத்து, எதையோ பிடிக்கப்போவது மாதிரி நிற்கும் கை. பேனாவில் வரைந்திருந்தாலும் கோடுகள் எல்லாம் செப்புத்தகட்டில் செதுக்கிய தினுசில் பெருத்துச் சிறுக்கின்றன. தன் குறையை மறைக்காமல், தன் தொழில்திறனின் விளம்பரப் பலகையாகவே ஆக்கிவிட்டார்.

செதுக்கும் வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் இந்தக் கை எவ்வளவு பொருந்தியது என்பது புரியும். பியூரின் என்பது சாய்வாகச் சீவிய முனை கொண்ட மெல்லிய எஃகு உளி. அதன் குமிழ்ப்பிடி உள்ளங்கைக்குள் உட்காரும். விரல்கள் பக்கத்தில் வழிகாட்ட, உள்ளங்கை முன்னால் தள்ளும். செம்பு சுருள் சுருளாகச் சீவிக்கொண்டு வெளியே வரும். வளைவு வேண்டுமென்றால் உளியைத் திருப்புவதைவிட, தோல் மெத்தையின்மேல் வைத்த தகட்டை மறு கையால் திருப்புவார்கள். அழுத்தம் கூடினால் பள்ளம் ஆழமாகி அகலும், குறைந்தால் மெலியும்; அந்தப் பள்ளத்தில் தங்கும் மைதான் பிறகு தாளில் கோடாக அச்சாகும். கோல்ட்ஸியஸின் புகழ் முழுவதும் இந்தக் கூடிக் குறையும் கோட்டில்தான் இருக்கிறது. விரல் வளையாதவர் மணிக்கட்டையும் தோளையும் நம்பித்தான் வேலை செய்திருப்பார், அதனால்தான் அவர் கோடுகளுக்கு அந்த நீண்ட வீச்சு வந்தது என்று சொல்பவர்கள் உண்டு. நிரூபிக்க வழியில்லை. ஆனால் பிடியை உள்ளங்கையில் வைத்துத் தள்ளுகிற தொழிலுக்கு, விரியாத கை ஒன்றும் பெரிய தடையாக இருந்திருக்காது.

தொழிலை அவர் கற்றது டிர்க் கோர்ன்ஹெர்ட்டிடம். கோர்ன்ஹெர்ட் அச்சோவியர் மட்டுமல்ல. எழுத்தாளர், மத சகிப்புக்காக வாதாடிய சிந்தனையாளர், அதனாலேயே நாட்டைவிட்டு வெளியேற வேண்டிவந்தவர். அவர் ஹார்லெம் திரும்பியபோது 1577இல் சீடரும் கூடவே போனார். அப்போது ஹார்லெம் எழுந்து உட்காரவே சிரமப்பட்டுக்கொண்டிருந்த ஊர். ஸ்பெயின் ஆட்சிக்கு எதிரான டச்சுக் கிளர்ச்சியின்போது, 1572-73இல் ஸ்பானியப் படை ஏழு மாதம் முற்றுகையிட்டு ஊரைப் பணியவைத்திருந்தது. அதற்கு முன்பே, 1566இல், நாடெங்கும் புராட்டஸ்டண்டுகள் தேவாலயச் சிலைகளை உடைத்த கலவரம் நடந்திருந்தது. 1578இல் ஹார்லெமின் பெரிய தேவாலயத்துக்குள்ளேயே படைவீரர்கள் புகுந்து சூறையாடினார்கள்.

சிற்பிகளுக்கு இது கெட்ட காலம். டெல்ஃப்ட் நகரத்துச் சிற்பி வில்லெம் வான் டெட்ரோடெ இத்தாலியில் செல்லினி, குல்யெல்மோ டெல்லா போர்த்தா என்ற சிற்பிகளிடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். டெல்ஃப்டின் பழைய தேவாலயத்துக்காக அவர் செய்த பெரிய பலிபீடம் 1573இல் நொறுக்கப்பட்டது. பிழைத்தது அவர் செய்த சின்னச் சின்ன வெண்கலச் சிலைகள். தசை முறுக்கேறிய ஹெர்குலிஸ் உருவம் அவற்றுள் ஒன்று. பெரிய கல்லும் பலிபீடமும் போன இடத்தில், கையடக்க வெண்கலமும் மடித்து அனுப்பக்கூடிய தாளும் ஊர் ஊராகப் போயின. கோல்ட்ஸியஸ் எந்தச் சந்தையில் கடை விரித்தார் என்பதற்கு இந்தப் பின்னணி போதும்.

கடை என்று நான் சொல்வது உவமைக்காக அல்ல. 1579இல் வசதியுள்ள ஒரு விதவையை மணந்தார். 1582இல் சொந்தமாகப் பதிப்பகம் தொடங்கினார். மனைவியின் முதல் திருமணத்து மகன் யாகப் மாத்தம் அவருடைய பயிற்சிப் பையனாகி, பிற்காலத்தில் கடையையே ஏற்றுக்கொண்டார். வான் மாண்டர் ஹார்லெமில் குடியேறியபோது, ப்ராகில் பேரரசர் இரண்டாம் ருடால்ஃபின் அரசவை ஓவியராக இருந்த ஸ்ப்ராங்கரின் படங்களைக் கொண்டுவந்து காட்டினார். அவ்வளவுதான், சில ஆண்டுகளுக்குக் கோல்ட்ஸியஸின் உருவங்கள் எல்லாம் உடம்பை முறுக்கிக்கொண்டு நுனிக்காலில் நிற்கத் தொடங்கின. 1587இல் ஸ்ப்ராங்கரின் வரைபடத்தை வைத்து மூன்று தகடுகளில் செதுக்கிய க்யூபிட்-சைக்கி திருமணம் அந்த மோகத்தின் உச்சம்.

1589இல் வந்தது 'பெரிய ஹெர்குலிஸ்'. இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் நம்முடைய முதுகுப் படத்துக்கு இது நேர் எதிர்முனை. 55 செ.மீ.க்கும் மேல் உயரமுள்ள தாள். உடம்பில் தசை இருக்கக்கூடிய இடம், இருக்கக்கூடாத இடம் எல்லாவற்றிலும் உருண்டை உருண்டையாக முடிச்சுகள். 'கிழங்கு மனிதன்' என்று டச்சுக்காரர்கள் பிற்காலத்தில் வைத்த பட்டப்பெயர் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சாக்கில் கிழங்கை நிரப்பி நிமிர்த்தி வைத்தது மாதிரிதான் இருக்கும். ஸ்பெயினை எதிர்க்கும் டச்சு வீரத்தின் சின்னம் என்று அதைப் படிப்பவர்கள் உண்டு. மிகையை வேண்டுமென்றே செய்த வேடிக்கை என்று சொல்பவர்களும் உண்டு. எனக்கு அதில் தெரிவது, ரோமின் சிலைகளைக் கேள்விப்பட்டிருக்கிற, நேரில் நின்று பார்க்காத ஒருவரின் கற்பனை. கோடு அபாரம், உடம்புக்கு எடை இல்லை.

அடுத்த ஆண்டு அவர் கிளம்பினார். காரணம் கலை மட்டுமல்ல. சில ஆண்டுகளாக இருமலில் ரத்தம் வந்துகொண்டிருந்தது, மருத்துவர்கள் கைவிட்டுவிட்டார்கள், மனச்சோர்வு வேறு. சாவதற்குள் இத்தாலியைப் பார்த்துவிடலாம் என்று 1590 அக்டோபர் இறுதியில் ஒரு வேலையாளுடன் புறப்பட்டார். போகப்போக உடம்பு தேறியது என்கிறார் வான் மாண்டர்.

அந்தப் பயணம் ஒரு வேடிக்கை நாடகம். ஐரோப்பா முழுக்கப் பெயர் பரவியிருந்ததால் ஆள்மாறிப் போனார். பல ஊர்களில் வேலையாளை எஜமானாக நடிக்கவைத்து, தான் பின்னால் நின்றார். மற்ற கலைஞர்கள் கோல்ட்ஸியஸின் படங்களைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்பதைக் கோல்ட்ஸியஸே பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ம்யூனிக்கில் ஹான்ஸ் சாடெலெர் என்ற சக அச்சோவியர் வீட்டில் பாலாடைக்கட்டி வியாபாரியாகப் போய் உட்கார்ந்தார். இத்தாலிக்குள் போனதும், தான் பிறந்த ஊரைப் பெயரோடு ஒட்டிவைத்து 'ஹென்ட்ரிக் வான் ப்ராக்ட்' ஆனார்.

ரோமிலிருந்து நேப்பிள்ஸ் பக்கம் போகையில் அவருடன் ஹார்லெமின் வெள்ளிக் கைவினைஞர் யான் பான், பிலிப்ஸ் வான் விங்கெ என்ற இளம் அறிஞர் இருவரும் இருந்தார்கள். கோல்ட்ஸியஸ் இத்தாலிக்கு வந்திருப்பதாக நிலப்பட வல்லுநர் ஓர்ட்டெலியஸ் வான் விங்கெவுக்குக் கடிதம் எழுதியிருந்தார். பக்கத்தில் நடப்பவர் அவர்தான் என்பது அந்தப் பையனுக்குத் தெரியவில்லை, சொன்னபோதும் நம்பவில்லை. கடைசியில் கோல்ட்ஸியஸ் தன் கைக்குட்டையில் இருந்த எழுத்துக் குறியையும், வெந்த வலது கையையும் நீட்டிக் காட்டினார். பையன் வெளிறிப்போய் அவரைக் கட்டிக்கொண்டானாம். படத்தின் ஓரத்தில் அண்ணாந்து பார்க்கும் இருவர் இந்தப் பயணத் தோழர்கள்தான் என்று ஊகிப்பதுண்டு. ஊகமாகவே இருக்கட்டும், நல்ல ஊகம்.

ரோமில் அவர் இறங்கியது 1591 ஜனவரியில். பஞ்சமும் நோயும் ஊரைப் பிடித்திருந்த நேரம். தெருவில் ஆட்கள் விழுந்து செத்துக்கொண்டிருந்தார்கள்; அவர் வரைந்துகொண்டிருந்த இடத்துக்கு அருகிலேயே பிணவாடை வந்ததாக வான் மாண்டர் எழுதுகிறார். அதற்கு நடுவில் சுண்ணக்குச்சியும் தாளுமாகச் சிலை சிலையாகப் போனார். பண்டைய சிற்பங்களைப் பார்த்து அவர் வரைந்ததில் 43 தாள்கள் டெய்லர்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஸ்வீடன் ராணி கிறிஸ்டினாவின் சேகரிப்பில் இருந்து, ரோமின் ஓதெஸ்கால்கி குடும்பத்துக்குப் போய், 1790இல் ஹார்லெமுக்கே திரும்பி வந்தவை அவை. வழியில் ஃப்ளாரன்ஸில் பார்த்த ஜாம்போலோன்யாவையும் அவர் சுண்ணத்தில் வரைந்திருக்கிறார். அன்றைய ஐரோப்பாவின் முதன்மைச் சிற்பி அவர்; கோல்ட்ஸியஸைப் போலவே வடக்கிலிருந்து போனவர். தாளில் தெரிவது களைத்த, கூர்மையான ஒரு கிழவர் முகம்.

ஃபர்னேசே அரண்மனை முற்றத்தில் நின்ற ஹெர்குலிஸ் மூன்று மீட்டருக்கும் மேல் உயரம். ஏதென்ஸ்காரர் க்ளைகோனின் கையெழுத்து கொண்ட இந்தப் பளிங்கு, கிரேக்கச் சிற்பி லிசிப்பஸின் பழைய வெண்கலத்தைப் பின்பற்றியது என்பார்கள். ரோமில் உள்ள காராகல்லா குளியல் மண்டபத்தின் இடிபாடுகளில் 1540களில் கிடைத்தபோது முழங்காலுக்குக் கீழே கால்கள் இல்லை. டெல்லா போர்த்தா, அதாவது டெட்ரோடெ வேலை பார்த்த அதே சிற்பி, புதுக் கால்கள் செய்து பொருத்தினார். பிறகு பழைய கால்கள் கிடைத்தும், புதியவையே இருக்கட்டும் என்று மைக்கேலேஞ்சலோ சொன்னதாக ஒரு கதை. எப்படியோ, 18ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் பழைய கால்கள் ஏறின. சிலையும் நேப்பிள்ஸுக்குப் போனது. ஆக, கோல்ட்ஸியஸின் படத்தில் நாம் பார்க்கும் கெண்டைக்கால்கள் பண்டைய கிரேக்கருடையவை அல்ல, டெல்லா போர்த்தாவுடையவை. நேப்பிள்ஸில் இன்று நிற்கும் சிலையோடு இந்த அச்சை ஒப்பிடுபவர்கள் முழங்காலுக்குக் கீழே கவனமாக இருக்க வேண்டும்.

அந்தச் சிலையை முன்னால் நின்று பார்த்தால் தெரிவது களைத்துப்போன ஒரு பலசாலி. தலை குனிந்திருக்கிறது, இடது அக்குள் சிங்கத்தோல் போர்த்திய தடியின்மேல் சாய்ந்திருக்கிறது. இவன் ஏன் களைத்தான் என்பதற்கு முன்பக்கம் பதில் சொல்லாது. பின்னால் சுற்றி வந்தால்தான் கையில் இருக்கும் ஆப்பிள்கள் தெரியும். உலகின் விளிம்பில் இருந்த தோட்டத்தில் ட்ராகன் காத்த பொன் ஆப்பிள்கள்; அவற்றைக் கொண்டுவருவது கிரேக்கப் புராணத்தில் அவனுக்கு இடப்பட்ட பன்னிரண்டு வேலைகளில் ஏறக்குறைய கடைசி. அதாவது சிலையை வடித்தவரே நடந்து சுற்றிப் பார்க்கச் சொல்லித்தான் செய்திருக்கிறார். சுற்றிவர முடியாத தாளில் அதை எப்படிக் கொண்டுவருவது?

கோல்ட்ஸியஸ் செய்தது இதுதான். நம்மைப் பின்னால் நிறுத்தினார். இன்னும் இரண்டு பேரைச் சிலைக்கு முன்னால் நிறுத்தினார். அவர்கள் நம்மை நோக்கித்தான் நிற்கிறார்கள், ஆனால் நம்மைப் பார்க்கவில்லை. நமக்குத் தெரியாத முகம் அவர்களுக்குத் தெரிகிறது. அவர்களுக்குத் தெரியாத ஆப்பிள் நமக்குத் தெரிகிறது. அடியில் இருக்கும் லத்தீன் வரிகளில் ஹெர்குலிஸே பேசுகிறான்: மூன்றுடல் அரசனை அடக்கி, ட்ராகன் காத்த ஆப்பிள்களைப் பறித்துக்கொண்டு, உலகமே அஞ்சும் நான் களைத்து ஓய்கிறேன் என்று. தொடுவானத்தை மிகக் கீழே வைத்ததால் அந்த முதுகு வானத்தை மறைத்து மேலே போகிறது. மனிதத் தலைகளை ஓரத்தில் வைத்ததால் அளவுகோலும் கிடைத்துவிடுகிறது. தாளின் உயரம் ஒரு முழத்துக்குப் பக்கம். ஆனால் பார்ப்பவர் கழுத்தை நிமிர்த்தத்தான் செய்கிறார்.

உருப்பெருக்கியை எடுத்து முதுகில் ஓர் அங்குலத்தைப் பாருங்கள். வலது தோள்பட்டையின் விளிம்பில் தொடங்கும் ஒரு கோடு, தசை மேடேறும் இடத்தில் அதோடு வளைந்து, நிழலுக்குள் போகப்போகத் தடித்து, வெளிச்சம் வரும்போது மயிரிழையாகி மறைகிறது. அது மறைந்த இடத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள். நிழலில் இன்னொரு கோட்டு வரிசை குறுக்கே வந்து சாய்சதுரங்களை உண்டாக்குகிறது, சில சதுரங்களுக்குள் ஒரு புள்ளி. இதைத் தகட்டில் செய்யும்போது எல்லாமே இடவலம் மாறியிருக்க வேண்டும் என்பதையும், தவறு நேர்ந்தால் செம்பைச் சுரண்டித் தட்டிச் சரிசெய்வது பெரும்பாடு என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால் மலைப்பாக இருக்கும். 1589இன் பெரிய ஹெர்குலிஸிலும் இதே கோடுகள்தான். ஆனால் அங்கே கோடு தன்னைக் காட்டிக்கொண்டது. இங்கே அது கல்லின் மேற்பரப்பைத் தடவிக்கொண்டு போகிறது. முடிச்சுகள் அடங்கி, ஒரு தசையின் எடை அடுத்த தசையில் இறங்குகிறது. ரோமில் கழித்த மாதங்கள் அவருக்குக் கொடுத்தது இதைத்தான்.

1591 முடிவதற்குள் ஹார்லெம் திரும்பியவர் 1592 வாக்கில் மூன்று சிலைத் தகடுகளைச் செதுக்கினார்: இந்த ஹெர்குலிஸ், வத்திக்கானின் பெல்வெடெரே முற்றத்து அப்போலோ, அதே முற்றத்தில் இருந்த, அன்று கொம்மோடஸ் பேரரசர் என்று கருதப்பட்ட இன்னொரு ஹெர்குலிஸ். அப்போலோ படத்தில் கீழே ஓர் இளைஞன் உட்கார்ந்து வரைந்துகொண்டிருக்கிறான். இவ்வளவு வரைந்து கொண்டுவந்தவர் ஒரு பெரிய வரிசையாகவே நினைத்திருக்க வேண்டும். ஆனால் மூன்றோடு நின்றது. அந்த மூன்றும்கூட அவர் உயிரோடு இருந்தவரை முறையாக வெளிவரவில்லை. 1617 ஜனவரி 1 அன்று அவர் இறந்தார். அந்த ஆண்டுதான் ஹார்லெமின் ஹெர்மன் அடோல்ஃப்ஸ் இவற்றை வெளியிட்டார்.

ஏன் விட்டார்? சந்தை காரணமாக இருந்திருக்கலாம். 1593-94இல் அவர் வெளியிட்ட மரியன்னை வாழ்க்கை வரிசையைப் பார்த்தால் அவர் மனம் எங்கே போனது என்று தெரியும். ஆறு தாள்கள், ஒவ்வொன்றும் வேறொரு மேதையின் பாணியில். ஜெர்மானிய மேதை ட்யூரரின் பாணியில் செய்த, குழந்தை இயேசுவின் விருத்தசேதனக் காட்சியைப் புகை காட்டிப் பழசாக்கி, தன் எழுத்துக் குறியை நீக்கி உலவவிட்டதாகவும், விவரமறிந்தவர்களே அதை அசல் ட்யூரர் என்று விலை கொடுத்து வாங்கியதாகவும் வான் மாண்டர் சொல்கிறார். அந்தப் படத்தின் பின்வரிசையில் கோல்ட்ஸியஸின் சொந்த முகமே எட்டிப் பார்க்கிறது என்பதுதான் கூத்து. அந்த வரிசை பவேரியக் கோமகனுக்குக் காணிக்கையாகி, பரிசாகத் தங்கச் சங்கிலி வந்தது. 1600 வாக்கில் உளியைக் கீழே வைத்துவிட்டு எண்ணெய் ஓவியத்துக்குப் போனார். ஓவியத்தில் அவர் திறமைசாலிதான், அவ்வளவே. தாமே செதுக்கிய முந்நூற்றுக்கும் மேற்பட்ட தகடுகளில் இருக்கும் ஆள் அங்கே கொஞ்சம் மங்கித்தான் தெரிகிறார்.

சிலையைத் தாளில் சுற்றிவரச் செய்யும் அந்தச் சிக்கலை வேறொருவர் கையில் எடுத்தார். ஆம்ஸ்டர்டாமின் யான் முல்லர், கோல்ட்ஸியஸின் கோட்டை அப்படியே கற்றுக்கொண்டவர். ஹேக் நகரில் பிறந்து, ஜாம்போலோன்யாவிடம் பயின்று, ருடால்ஃபுக்காக வேலை செய்த சிற்பி ஆட்ரியான் டி வ்ரீஸ். அவர் 1593இல் வார்த்த வெண்கலத்தில் மெர்க்குரி சைக்கியைத் தூக்கிக்கொண்டு பறக்கிறான். எந்தப் பக்கம் நின்றாலும் வேறொரு உருவமாகத் தெரியும்படி செய்தது அது. 1590களின் பிற்பகுதியில் முல்லர் அதை மூன்று தகடுகளில், மூன்று கோணங்களில் செதுக்கினார். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சிலை திரும்புவது தெரியும். இன்று அந்த வெண்கலம் லூவ்ரில் இருக்கிறது. முல்லரின் தீர்வு முழுமையானது, விற்பனைக்கும் தோதானது: ஒன்றை வாங்கியவர் மற்ற இரண்டையும் வாங்கித்தான் ஆக வேண்டும். ஆனாலும் ஒரே தகட்டில் இரண்டு பேரை எதிர்ப்பக்கம் நிறுத்தி, மறுபக்கத்தை அவர்கள் கண்ணுக்கு விட்டுக்கொடுத்த கோல்ட்ஸியஸின் வழியையே நான் மேலாக நினைக்கிறேன். முல்லரின் மூன்று தாள்களைப் பார்த்து முடித்தால் அந்தச் சிலையைப் பார்த்தாயிற்று. ஃபர்னேசே ஹெர்குலிஸைப் பார்த்தவருக்கு அந்த முற்றத்தில் இன்னும் நான்கு அடி நடக்க வேண்டும் போலிருக்கும்.